அய்யாவு பார்த்த வாளி

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் குளுவாங் காப்பிக்கடையில், என் குடையைப் பக்கத்து மேசைக்காரர்தான் எடுத்தார் என்று அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் குடை கதவுக்குப் பின்னால் சாவகாசமாகத் தொங்குகிறது. அந்த வெட்கத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது. அய்யாவு அகப்பட்டார்.

2.
1931. குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அதிகாலைப் பனியில் பால்மரங்கள்… (வேண்டாம். இதை எல்லோரும் எழுதியாயிற்று.)

அய்யாவு பால்வெட்டுக்காரர். சளி பிடித்திருக்கிறது, சந்தேகம் பிடித்ததில்லை. அன்று காலை, பக்கத்து மரநிரையில் பால்வெட்டும் ராசம்மா ஓடையோரம் வாளியோடு குனிந்ததைப் பார்த்தார். மத்தியானம் அவள் கொண்டுவந்த பாலில் தண்ணீர் இருப்பதாக, பாலை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி மணியம் சொன்னதும் முந்திக்கொண்டார்.

"ஊத்தினா, கிராணி! என் கண்ணால பார்த்தேன்லா!"

3.
ரப்பர் விலை விழுந்த வருடம் அது. வேலை போனவர்களைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ராசம்மாவுக்கு ஊரில் யாருமில்லை. புருஷனைப் புதைத்ததும் இந்தத் தோட்டத்தில்தான்.

"அண்ணே, நான் வாளியக் கழுவினேன். பால்ல விழுந்தது மழைத்தண்ணி," என்றாள்.

(காலையில் தூறியது உண்மை. எவ்வளவு என்று நான் அளக்கவில்லை.)

கிராணி அய்யாவு பக்கம் திரும்பினார். "முனியாண்டி கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. நாளைக்கே இவள அனுப்பிடலாம்."

4.
சூடம் எரிகிறது. அய்யாவு கையை நீட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் பார்த்ததைத் திருப்பிப் பார்க்கிறார். ராசம்மாவின் முதுகு தெரிகிறது. வாளியின் விளிம்பு தெரிகிறது. தண்ணீர் உள்ளே போனதா, வெளியே வந்ததா? நடுவில் அந்த முதுகு.

"கிராணி, நான் பார்த்தது…"

பாவம், எனக்கே இரக்கமாக இருக்கிறது.

முதல் முடிவு: சூடத்தை அணைக்கிறார், ராசம்மா கப்பலில். இரண்டாவது: "முதுகைத்தான் பார்த்தேன்" என்கிறார், அவள் தப்பிக்கிறாள், தண்ணீர் ஊற்றியவளாகவே இருந்தாலும். மூன்றாவது முடிவில் அய்யாவு

(அடித்துவிட்டேன். அது என் சௌகரியத்துக்காக எழுதியது.)

5.
எழுதியவனுக்குமா தெரியாது என்பீர்கள். தெரியாது. நானும் அய்யாவுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன்.

ஆனால் நீங்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டீர்கள், ராசம்மா நிரபராதி என்று. அவள் அழுததைப் பார்த்தீர்களாக்கும்? அழுதாள் என்று நான் எழுதவே இல்லை. வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள்.

சூடம் இன்னும் எரிகிறது. அய்யாவு ஒதுங்கி உங்களுக்கு இடம் விடுகிறார். கையை நீட்டுங்கள்.