சவரிமுத்துவின் குதிரை

குத்தாலத்துப் பக்கம் அருள்சாமியின் புது வீட்டு வாசல் வளைவின் மேல் ஒரு சிமெண்டுக் குதிரை முன்னங்கால் தூக்கி நின்றது. பெயிண்ட் கூடக் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதர் வந்து வீட்டை மந்திரிக்க வேண்டும்.

அருள்சாமியின் பூட்டனார் சவரிமுத்துவுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை ரிவால்வர் பரிசளித்திருந்தார். கூடவே ஒரு கடிதம்: "நமது குதிரை ஒடிந்துபோனபோது, சவரிமுத்து எட்டே நாளில் புதுக் குதிரை கொடுத்தான். அதை மெச்சி இந்தக் கைத்துப்பாக்கியை அவனுக்கே அளித்தோம்." போதாதா? துரைக்கே குதிரை கொடுத்த குடும்பம் என்று மூன்று தலைமுறையாக ஒரே ஜம்பம்.

பக்கத்து வீட்டுக் குணசேகரன் மட்டும் நம்பவில்லை. "கொல்லுப்பட்டறை வச்சிருந்த மனுசனுக்கு ஏதுடா குதிரை? துப்பாக்கியைப் பார்க்க ஆள் வர்றாரில்ல, அவர் ரிப்போர்ட்ல குதிரைன்னு ஒரு வார்த்தை வரட்டும், ஊர் முன்னாடி அந்தக் குதிரைக்கு நானே மாலை போடுறேன். வரலேன்னா அந்தச் சிமெண்டை உடைச்சிடணும்." அருள்சாமியும் வீறாப்பாகச் சரி என்றுவிட்டார்.

லைசென்ஸை அப்பா பெயரிலிருந்து மாற்றத்தான் அந்த ரிப்போர்ட். எழுத வந்தவர் ஜெகபர் அலி, தஞ்சாவூரில் முப்பது வருடம் போலீஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர். உள்ளே தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டு, லென்ஸை எடுத்தார்.

"குழல்ல லேசாத் துரு. உருளை நல்லாச் சுத்துது. நூறு வருசத்துக்கு மேல இருக்கும்." கடிதத்தைப் படித்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "குதிரை நொண்டும், சாகும். ஒடியுமாங்க?"

கட்டைவிரல் நீளத்துக்குத் தலை சாய்த்து நின்ற இரும்புத் துண்டைத் தொட்டுக் காட்டினார். "தோட்டாவோட பின்பக்கத்துல அடிக்குது பாருங்க, இதுக்குப் பேருதான் குதிரை. இது கம்பெனி வேலை இல்லை. கையால அடிச்சு, அரம் போட்டது."

குணசேகரன் தொடையில் தட்டிச் சிரித்தான். மரியபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டின பெண்டாட்டியே சிரிக்கிறாளே! அருள்சாமிக்குக் காதெல்லாம் சூடாகியது, வாசல் பக்கம் பார்க்கவே கூசியது.

"ஒரிஜினல் குதிரையா இருந்தா மதிப்பு கூடியிருக்கும்," என்றபடி ஜெகபர் அலி லென்ஸை அவரிடம் நீட்டினார். "அடியில பாருங்க."

அரத்தால் கீறிய இரண்டு எழுத்து. ச. மு.

அருள்சாமி அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பட்டறைப் புகையில் கண்ணைச் சுருக்கி, இத்தனூண்டு இரும்போடு எட்டு நாள் மல்லுக்கட்டிய மனுசன்! அவருக்குப் போய் இல்லாத லாயத்தைக் கட்டிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது, பெருமை தாங்கவும் முடியவில்லை.

"எங்களுக்கு இதுதாங்க ஒரிஜினல். அப்படியே எழுதுங்க."

ஜெகபர் அலி சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "குதிரை: சவரிமுத்து கைவேலை. இன்றும் பழுதில்லை."

குணசேகரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னடா முழிக்கிற? வார்த்தை வந்துடுச்சில்ல," என்றார் அருள்சாமி. "ஞாயித்துக்கிழமை மாலையோட வந்துடு. பூக்காரம்மாகிட்ட மட்டும் சொல்லி வை, குதிரை கட்டைவிரல் சைஸுதான்னு."