படியிலிருந்து விழுந்ததாக நான் சொன்ன அண்ணன்

இப்போதெல்லாம் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. பதிலை மடியில் கட்டிக்கொண்டுதான் கேள்வி கேட்க வருகிறார்கள். நாம் தலையாட்டினால் போதும். கல்லூரியில் சரித்திரம் சொல்லித்தரும் அந்தப் பேராசிரியையும் அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்து மில் வேலைநிறுத்தத்தில் செத்தவர்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறாராம். என்னைத் தன் அறைக்கு வரவழைத்து, பழைய ஆஸ்பத்திரிக் காகிதத்தின் நகலை நீட்டினார். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அவரே படித்தார்.

"பாருங்கய்யா, உங்க அண்ணன் மாடிப்படியிலேர்ந்து விழுந்து செத்தாருன்னு எழுதி வச்சிருக்கான். ஆளுறவன் கையில பேனா இருந்தா இப்படித்தான். வெள்ளைக்காரன் பொய்!"

"அது அவன் பொய் இல்லம்மா. என்னோடது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அப்போது அந்த ஆஸ்பத்திரிப் பிணவறையில் அறுக்கிற ஆள் நான்தான். வெள்ளைக்கார டாக்டர் மேசைப் பக்கமே வரமாட்டான். மூக்கில் கைக்குட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். நான் பிணத்தைப் புரட்டிப் பார்த்து, அவன் பாஷையில் எனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் சொல்வேன். அவன் எழுதுவான்.

அன்றைக்குப் பதினோரு பேர். முதல் ஏழு பேரும் போலீஸ் சுட்டுச் செத்தவர்கள். குண்டு, குண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எட்டாவது துணியை விலக்கினால் அண்ணன். உடம்பில் குண்டே இல்லை. மண்டை ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. ஒரு கண் கன்னத்தில் கிடந்தது. தடுக்கத் தூக்கிய இரண்டு கைகளும் முறிந்து தொங்கின.

வாசலில் மில் மேஸ்திரி நின்றான். நம்ம ஆள்தான், அடுத்த தெரு. கையிலிருந்த இரும்புத் தடியில் முடி ஒட்டியிருந்தது.

"படியில விழுந்துட்டான்னு சொல்லு, மாப்ளே."

நான் வாய் திறக்கவில்லை. மேஸ்திரி உள்ளே வந்து என் இடது கையை இழுத்து, அண்ணனுக்குப் பக்கத்திலேயே கல்மேசையில் வைத்து ஒரே போடு. சுண்டுவிரல் கூழாகிவிட்டது. டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த அடி உன் பொண்டாட்டிக்கு" என்று மேஸ்திரி சிரித்தான்.

சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டான்.

சுண்டுவிரல் இல்லாத அந்தக் கையைப் பேராசிரியை முன்னால் வைத்தேன். "கொன்னவன் மேஸ்திரி. பொய் சொன்னவன் நான். அப்படியே போடுங்க."

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "ஐயா, இதைப் போட்டா, 'நீங்களே அடிச்சுக்கிட்டுச் செத்தீங்க'ன்னு சொல்ல வெள்ளைக்காரங்களுக்கு வசதியாப் போயிடும். மேஸ்திரி வெறும் பொம்மை. ஆட்டி வச்சது அவங்கதானே?"

"பொம்மை சிரிக்குமாம்மா?"

"அதில்லைங்கய்யா..."

"சுட்டவனை எழுது, சுடச் சொன்னவனை எழுது. நான் வேணாம்னா சொன்னேன்? அவன் காகிதத்துலயும் எங்கண்ணனைக் கொன்னவன் இல்ல, உன் புத்தகத்துலயும் இல்லன்னா, ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

பேனா மூடியைத் திருகித் திறந்தார். "அடிக்குறிப்புல போடறேன்."

"அப்படின்னா?"

"பக்கத்துக்கு அடியில, சின்ன எழுத்துல."

"எங்கண்ணனைச் சின்னதாவா அடிச்சான்?"

சத்தியமாகப் போடுகிறேன் என்று வராந்தாவரை பின்னாலேயே வந்தார். அச்சானதும் ஒரு பிரதி அனுப்புவாராம். யார் படித்துக் காட்டுவார்கள், அந்தச் சின்ன எழுத்தை? நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.