பாலத்தானுக்கு மீசை கிடையாது

ஊரே பாட்டுக் கட்டிக் கொண்டாடும் பாலத்தான் ஏழடி உயரத்து ஆண்பிள்ளை அல்ல, நாலே முக்கால் அடி உயரமுள்ள ஒரு சித்தாள். வெள்ளத்தில் நடுத்தூண் அடித்துக்கொண்டு போன அன்று பாலத்தைத் தலையில் வாங்கி, பதினோரு நாள் ஆற்றுக்குள் நின்றவள் அவள்தான். அப்போது அவளுக்கு ஏழு மாதம். மீசை எந்த மாதத்திலும் இருந்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். தூணின் அடியில் பூச்சு பெயர்ந்த இடத்தில் கொத்தனார் கலவை அப்பிக்கொண்டிருந்தார், அவள் சட்டி சட்டியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. தூண் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. பாலம் தொய்ந்து இறங்கியபோது மேலே ஒரு பள்ளிக்கூட வண்டி வந்துகொண்டிருந்தது. சித்தாள் வேலையில் ஒரு முறை உண்டு. பெரிய சுமையைத் தனியாக ஏற்றக் கூடாது, ஒருவர் கை கொடுத்துத் தலையில் ஏற்றிவிட வேண்டும், இறக்கும்போதும் அப்படியே. அவள் தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, "அண்ணே, ஒரு கை குடுங்க" என்றாள். கொத்தனார் கொடுத்தார். பாலம் அவள் தலையில் உட்கார்ந்தது. "பிடிச்சுக்க தங்கச்சி, இறக்கி விட ஆளக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று கரையேறினார் மனிதர்.

அவர்மேல் குற்றம் சொல்லக் கூடாது. நேரே தேநீர்க் கடைக்குப் போய் உள்ளதை உள்ளபடிதான் சொன்னார். சித்தாள் பாலம் தூக்கினாள் என்றால் எவன் எழுந்து வருவான்? ஒருவன் இன்னொரு தேநீர் கேட்டான், அவ்வளவுதான். அதனால் அடுத்த கடையில் ஓர் அடி உயரம் கூட்டினார், அதற்கடுத்ததில் ஆளை ஆணாக்கினார். இப்படி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, பதினோராம் நாள் மீசை வைத்ததும் ஊர் திரண்டு ஓடிவந்தது. அதற்குள் பாலத்தின்மேல் நாலாயிரத்துச் சொச்சம் வண்டிகள் போய்விட்டன. பொறியாளர் ஒருவர் படகில் வந்து அவள் தோளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, 'நடுத்தூண் உறுதி' என்று எழுதிக்கொண்டு போனார். கழுத்து ஆடிவிடுமே என்று அவள் வாய் திறக்கவில்லை. ஓடிவந்த கூட்டம் முட்டுக் கொடுத்துப் பாலத்தை இறக்கிவிட்டு, அவளிடமே, "அந்த மீசைக்காரர் எங்கம்மா?" என்று கேட்டது. அவளுக்குத் தண்ணீர் குடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

பெண் பிறந்தாள், பாட்டும் பிறந்தது. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. அம்மா மகளுக்குச் சோறூட்டும்போது நடந்ததைச் சொல்வாள், மகளும் கண் கொட்டாமல் கேட்பாள். எட்டு வயதில் வகுப்பில் எழுந்து, "பாலத்தான் எங்கம்மாதான்" என்று சொன்னாள். வாத்தியார் உட்பட நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல், "இனிமே அந்தக் கதைய எங்கிட்ட சொல்லாதம்மா. மானம் போகுது" என்றாள். ஊர் நம்பாததை அம்மா பொருட்படுத்தியதில்லை, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் வயிற்றுக்குள் கூடவே நின்றவள் நம்பவில்லையே என்பது அவளை அறுத்தது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பாலம் அவ்வளவு கனமாக இருந்ததில்லை.

பாலத்தானுக்குச் சிலை வைக்க நகராட்சி முடிவு செய்தது. பதினாலடி வெண்கலம், மீசை மட்டும் முப்பது கிலோ. அதைப் பீடத்தில் ஏற்ற வந்த கிரேனை ஓட்டியவள் அந்த மகள்தான். சிலையின் எடை ஆறு டன் என்று காகிதத்தில் இருந்தது. தூக்கப் பார்த்தபோது கிரேனின் முள் ஒரு பாலத்தின் எடையைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றது. கம்பிவடம் அறுந்தது. இரண்டாவது கிரேன் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு குப்புற விழப் பார்த்தது. மாலைக்குள் சிலை ஏறாவிட்டால் அவள் இனி கிரேன் பக்கமே வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா இதைப் பார்த்தாள். தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தாள்.

"ஒரு கை குடுடி."

"அம்மா, சும்மா இரு. கிரேனே தூக்கலை."

"கிரேனுக்கு யாரு கை குடுத்தா?"

மகள் கிரேனை அணைத்தாள். இறங்கி வந்தாள். வெட்கத்தோடுதான் சிலையின் ஒரு ஓரத்தில் கை வைத்தாள். சிலை எழும்பி, அம்மாவின் தலையில் போய் உட்கார்ந்தது. சிரிக்கத் தயாராக இருந்த கூட்டம் வாயைத் திறந்தபடியே நின்றது. அவள் கலவைச் சட்டி கொண்டுபோகிறவளைப் போல இடுப்பில் ஒரு கையை ஊன்றி, பீடத்தின் ஒன்பது படிகளையும் ஏறினாள். கூட்டத்தில் கிழக் கொத்தனார், "இவதான்யா! மீசை நான் வச்சது!" என்று அலறி அழுதார்.

மேலே போய் அவள் நின்றாள். திரும்பிப் பார்க்க முடியாது, தலையில் சுமை. "பாலம் கனம்னு நான் பதினோரு நாள் நிக்கலடி" என்றாள். "இறக்கி விட ஆளு வரலை."

மகள் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். "நான் வந்துட்டேன்மா" என்று கை கொடுத்தாள். இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். இறக்கிய கையோடு மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, எட்டு வயதுப் பிள்ளையாகத் தேம்பினாள். ஊர் கைதட்டிய தட்டில் ஆற்றங்கரைக் கொக்குகள் மூன்று நாள் திரும்பவில்லை.

மீசையை எடுத்துவிடலாமா என்று நகராட்சி கேட்டது. "இருந்துட்டுப் போகுது, அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் மறுநாள் வேலைக்குப் போனாள். அதன்பிறகு சிலை மாதத்துக்கு ஓர் அடி குறைந்தது. நகராட்சியும் மாதாமாதம் பதிவேட்டில் உயரத்தைத் திருத்திவந்தது. நாலே முக்கால் அடியில் குறைவது நின்றது. அந்த வாரம் பெய்த மழையில் மீசை தானே கழன்று விழுந்து, வட்டமாகச் சுருண்டு கிடந்தது. மகள் அதை எடுத்துத் துடைத்து, சிலையின் தலையில் சும்மாடாக வைத்தாள். அளவு சரியாக இருந்தது.