மூட்டுக்குக் கிரீஸ்

இப்போது யாருக்கும் வலி பொறுப்பதில்லை. குனிந்தால் ஒரு மாத்திரை, நிமிர்ந்தால் இன்னொன்று. முன்பெல்லாம் ஒருவன் மருந்துக் கடைக்குப் போனால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இப்போது நன்றாக இருப்பவன்தான் கூடையை மாட்டிக்கொண்டு போய் டப்பா டப்பாவாக அள்ளி வருகிறான். மருந்தா என்றால் மருந்து இல்லையாம். சாப்பாடா என்றால் சாப்பாடும் இல்லையாம். இரண்டும் இல்லாத ஒன்றை எதற்கடா விழுங்குகிறாய் என்று கேட்டால், கேட்டவனைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான்.

மூட்டு வலிக்கென்று மகள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது ஸ்பேனரும் அதையேதான் கேட்டார்.

பஸ் டிப்போவில் அவரை ஸ்பேனர் என்றால்தான் தெரியும். ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் காலையில் போய் டூல் ரூமில் நின்று ஆட்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பார். நின்று நின்று முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு முனகல், எழுந்தபின் நடக்க இன்னொரு முனகல்.

“மூட்டுக்கு நடுவுல இருக்கிற கிரீஸ் தேஞ்சு போச்சுப்பா. இது அதை ஊற வைக்கும். எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் சாப்பிடறாங்க.”

“கிரீஸைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? அச்சுக்கு வேணும்னா அச்சுல வைக்கணும். டீசல் டேங்குல ஊத்திட்டு அச்சுக்குப் போய்ச் சேரும்னு காத்திருக்கிறவனை நான் டிப்போ கேட்டைத் தாண்ட விடமாட்டேன். எதுல செய்யறாங்க இந்தக் கண்றாவியை?”

மகள் டப்பாவைத் திருப்பிப் படித்தாள். “நண்டு, இறால் ஓட்டுல இருந்து.”

“குப்பையில போடறதை அரைச்சு வித்தா, வாங்கறதுக்கு என் பொண்ணு இருக்கா! ஏற்கெனவே நெஞ்சுல இரும்பை மாட்டி அனுப்பிட்டாங்க. முட்டியில நண்டு ஓடு வேறயா? எடுத்துட்டுப் போ அந்தப் பக்கம்.”

நெஞ்சில் இரும்பு என்றது கேலியில்லை. இதயத்தில் பழுதான வால்வைக் கழற்றிவிட்டு உலோக வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். சந்தடி அடங்கினால் சட்டைக்குள் அது கடிகாரம்போல் டிக் டிக்கென்று ஓடுவது அவருக்கே கேட்கும். அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்க, ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஒன்றை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். மாதாமாதம் ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தி அளவு பார்க்க வேண்டும். அளவு இறங்கினால் வால்வு அடைக்கும், ஏறினால் ரத்தம் நிற்காது. எந்த மாத்திரையையும் நம்பாத மனுஷர் அந்த ஒன்றை மட்டும், வேறு வழியில்லாமல், முறைத்துப் பார்த்தபடியே விழுங்கி வந்தார்.

அன்றைக்கு மனைவி வாயே திறக்கவில்லை. மகளும் மறு பேச்சில்லாமல் டப்பாவோடு உள்ளே போனாள். இந்த வீட்டுப் பெண்கள் எதிர்த்துப் பேசாமல் போனால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் கோட்டை விட்டார்.

கொஞ்ச நாள் போயிற்று. முழங்கால் வலி மெல்லக் குறைந்தது. முனகாமல் எழுந்தார். மனைவி பார்க்க வேண்டும் என்றே ஸ்டூல்மேல் ஏறி ஃபேனைத் துடைத்தார்.

“பாத்தியா? நண்டும் இல்ல, இறாலும் இல்ல. தானா வந்தது தானா போகுது.”

“ஆமாமா, உங்களுக்கு எல்லாம் தானாத்தான் நடக்குது. முதல்ல கீழ இறங்குங்க” என்றாள் அவள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகுதான் அது ஆரம்பித்தது. பல் தேய்த்துத் துப்பினால் நுரை சிவப்பாக விழுந்தது. பிரஷ் முரட்டுப் பிரஷ் என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினார். அதிலும் சிவப்பு. டூல் ரூமில் மேஜை முனை தொடையில் சும்மா உரசியது, மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிக் கறுத்திருந்தது. வீட்டில் சொல்லவில்லை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தொட்டி வெளுக்கும்வரை நின்றுவிட்டு வந்தார். வெயிலிலும் லுங்கியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வண்டியில் எண்ணெய் ஒழுகினால் கீழே தரையில் கறை தெரியும், எங்கே என்று தேடிப் பிடித்துவிடலாம். உள்ளுக்குள்ளேயே ஒழுகினால் எந்தத் தரையைப் பார்ப்பது? இந்த நினைப்பு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருமினால் கைக்குட்டையைப் பார்த்தார். தலை லேசாக வலித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைக்குள் கடிகாரம் வேறு, அவர் கவனிக்கிறார் என்று தெரிந்ததுபோல், சத்தமாக ஓடியது.

மாதப் பரிசோதனைக்கு வழக்கம்போல் தனியாகப் போனார். விரலைக் குத்திய நர்ஸ் மெஷினைப் பார்த்தாள். துடைத்துவிட்டு இன்னொரு விரலைக் குத்தினாள். பஞ்சு வைத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தது. அவள் போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தாள்.

“ஐயா, மாத்திரையை மறந்துபோய் ரெண்டு தடவை சாப்பிட்டீங்களா?”

“ஒரு தடவை சாப்பிடறதே எனக்குப் பிடிக்கல. ரெண்டு தடவை எதுக்குச் சாப்பிடறேன்?”

“வலி மாத்திரை, நாட்டு மருந்து, புதுசா ஏதாவது?”

“ஒண்ணும் கிடையாது. நீங்க குடுக்கிற ஒண்ணுதான்.”

“அளவு ரொம்ப ஏறியிருக்கு. இன்னைக்கு மாத்திரை போட வேண்டாம். நாளைக்கு வீட்டில இருக்கிறவங்களோட வாங்க, வீட்டில இருக்கிற மருந்தெல்லாம் எடுத்துட்டு வாங்க. நடுவுல விழுந்து தலையில அடிபட்டா, மலம் கறுப்பா போனா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம நேரா இங்க வந்துடணும்.”

வழியெல்லாம் அவர் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: மாத்திரை போட வேண்டாம். டாக்டரம்மாவே சொல்லிவிட்டாள். அப்படியென்றால் கோளாறு மாத்திரையில்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டைகளை வாரி எடுத்தார். குப்பைக் கூடையின் மூடியைக் காலால் தள்ளினார்.

“என்ன பண்றீங்க?” என்று மனைவி ஓடி வந்தாள்.

ஸ்பேனர் லுங்கியைத் தொடைவரை ஏற்றிக் காட்டினார். கறுப்பு ஓரத்தில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. “இது ஒரு இடம். உள்ள எத்தனை இடமோ. வாயைத் திறந்தா ரத்தம். அளவு எகிறிடுச்சாம். இந்தச் சனியனை இனிமே தொடமாட்டேன்.”

“இன்னைக்கு மட்டுமா, எப்பவுமா?”

“எப்பவும்.”

“வால்வு அடைச்சுக்கும்னு சொன்னாங்களே!”

“அடைச்சா அடைக்கட்டும். இப்படி உள்ளுக்குள்ள ஒழுகிச் சாகிறதுக்கு அது மேல்.”

அவர் கை கூடைக்கு மேல் போனது. மனைவி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தால் அங்கேயும் கன்றுமோ என்று பயந்து உடனே கையை எடுத்தாள்.

“அது மாத்திரை இல்லைங்க. நான்தான்.”

“நீயா?”

“அந்த டப்பா. நீங்க சாப்பிடமாட்டேன்னீங்க. தினம் ஒரு கேப்ஸ்யூலைப் பிரிச்சுக் காலையில கஞ்சியில கலந்து குடுத்தேன். மருந்து இல்ல, ஒண்ணும் பண்ணாதுன்னு போட்டிருந்துச்சு. உங்க முட்டியும் நல்லாயிட்டு வந்துச்சு. அதான் விடல. வேற எதுவுமே மாறலையே, அதுவாத்தான் இருக்கும். மாத்திரையைக் குப்பையில போட்டுடாதீங்க. உங்க கால்ல விழறேன்.”

ஸ்பேனர் அட்டைகளைப் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. அவர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸிலிருந்து வந்த மகள் செருப்பைக் கழற்றுமுன்பே விஷயம் அவள் காதில் விழுந்தது.

“அம்மா, நீயுமா?”

“நீயுமான்னா?”

“நான் சாயங்காலப் பால்ல கலந்துட்டிருக்கேன். முதல் நாள்லேர்ந்து.”

“அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீ ஏன் என்கிட்ட சொல்லல?”

“உனக்குத் தெரிஞ்சா ராத்திரிக்குள்ள அவருக்குத் தெரிஞ்சுடும். உன் வாய் எனக்குத் தெரியாதா?”

“உன் மூஞ்சியைப் பாத்தாலே அவர் கண்டுபிடிச்சுடுவாருன்னுதான் நானும் சொல்லல. டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகுதுன்னு நினைச்சேன். நீ உன் முட்டிக்குச் சாப்பிடறேன்னு நினைச்சு இன்னொண்ணு வாங்கி வச்சேன்.”

“நல்ல குடும்பம்” என்றார் ஸ்பேனர் கடைசியில். “ஆளை நம்பாத குடும்பம்.”

“உங்ககிட்ட இருந்துதான் கத்துக்கிட்டோம்” என்றாள் மனைவி, அழுதுகொண்டே.

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். அளவு இம்மி இறங்கியிருந்தது. டாக்டரம்மா டப்பாவை வாங்கிப் பார்த்தாள்.

“டாக்டர் சீட்டு கேக்காம விக்கிறதால இது ரத்தத்துக்குள்ள போகாதுன்னு இல்லம்மா. ரத்தம் இளக்கிற மாத்திரையோட சேர்ந்தா சிலருக்கு அளவு ஏறும். அதுலயும் இவருக்கு ரெட்டிப்பு. இதை இன்னையோட நிறுத்துங்க. ஆனா ஐயா, அளவு சரியானதும் நான் சொல்ற அன்னைக்கு உங்க மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கணும். அதை விட்டா வால்வு விடாது உங்களை.”

“அப்போ என் முட்டி நல்லானது இந்த ஓட்டாலயா?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சிலருக்குக் கேக்குது, சிலருக்குச் சும்மா. உறுதியா சொல்ல முடியாது.”

ஸ்பேனருக்கு எரிச்சல் வந்தது. கெட்டது செய்ததை உறுதியாகச் சொல்கிறவள் நல்லது செய்ததைச் சொல்ல முடியாது என்கிறாள். இதென்ன படிப்பு?

“சாப்பிடுவேன்னு அவங்க முன்னாடி சொல்லுங்க” என்றாள் மனைவி. அவர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

“சாப்பிடறேன். இனிமே கஞ்சியை நானே காய்ச்சிக்கறேன்.”

வெளியே ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் அதே டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். ஊன்றுகோலோடு நின்ற ஒருவருக்கு அங்கிருந்த பெண் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்பேனர் நின்றார்.

“ஏம்மா, இதை யாரு வேணும்னாலும் சாப்பிடலாமா?”

“எல்லாரும் சாப்பிடலாம் தாத்தா. இது மருந்தே இல்ல, வெறும் சத்து.”

ஸ்பேனர் லுங்கியை அங்கேயே தூக்கப் போனார். மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ரத்தம் இளக்கிற மாத்திரை சாப்பிடறியான்னு முதல்ல கேளு. அப்புறம் வில்லு.”

“சரி தாத்தா, கேக்கறேன்” என்றாள் அந்தப் பெண், அடுத்த டப்பாவுக்குக் கையை நீட்டியபடி.

கேட்க மாட்டாள். உள்ளே டாக்டரம்மா சொன்னதிலும் பாதிதான் உறுதி, வெளியே இந்தப் பெண் சொன்னதிலும் பாதிதான் உண்மை. எந்தப் பாதி எது என்று கண்டுபிடிக்கிற வேலையை வைத்தியத்துக்கு வந்தவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஸ்பேனர் தலையை ஆட்டிவிட்டு, பின்னால் வந்த இருவருக்கும் காத்திராமல், வாசலைப் பார்த்து நடந்தார்.