எண்பதில் எழும் வால்

மூன்றாவது முறையாகக் கொன்ராடின் சிவப்புக் கார் என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, பாதி தின்ற பிரெட்ஸல் ரொட்டியைக் கீழே வைத்தேன். செய்த வேலையில் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், கொன்ராடுக்கும் தெரியும். அதனால்தான் அவர் இறங்காமல் ஜன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“ஸில்கே, வால் இன்னும் எழும்பலம்மா.”

வால் என்றால் ஸ்பாய்லர். பட்டறையில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இந்த வகை ஸ்போர்ட்ஸ் காரில் அது பின்மூடியோடு மூடியாகப் படிந்து கிடக்கும். வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் தானாக எழும்பி நிற்கும், வேகம் குறைந்தால் திரும்பப் படுத்துக்கொள்ளும். எழும்பாத வாலோடு வேகமாகப் போனால் பின்சக்கரங்களுக்குச் சாலையில் பிடி குறையும்.

முதல் தடவை வந்தபோது உண்மையாகவே பழுது இருந்தது. மோட்டாரிலிருந்து இடது பக்கம் போகும் வடம் தேய்ந்து நழுவிக்கொண்டிருந்தது. புது வடம் போட்டு, பல்சக்கரங்களைக் கழுவி கிரீஸ் வைத்தேன். ஓட்டுநர் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் வால் முனகிக்கொண்டே முழுதாக எழுந்தது. இரண்டாவது தடவை, நிற்கிற வண்டிக்குச் சோதனைக் கருவியை மாட்டி, தொண்ணூறில் ஓடுவதாக அதை ஏமாற்றினேன். அப்போதும் எழுந்தது. “வண்டியில ஒண்ணும் இல்லைங்க ஐயா” என்று அனுப்பிவைத்தேன்.

இப்போது புதன்கிழமை. சனிக்கிழமை அவருக்கும் மனைவி மார்லீஸுக்கும் ஐம்பதாவது திருமண நாள். அன்றைக்கு இந்தக் காரில் மார்லீஸை ஏற்றிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியில் ஏரிக்கரையில் இறங்க வேண்டும் என்று கொன்ராட் குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வால் சரியாகாமல் மலையேறுவதில்லை என்றும் சொல்லியிருந்தார்.

“சரியாகலன்னா விட்டுடும்மா, ரயில்ல போயிக்கிறோம்” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்லீஸ். இதற்கு முன்பும் இரண்டு தடவை இதையே சொன்னவர். என் சிரமத்தைக் குறைக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

“ரயிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் கூட வர்றேன். நீங்க ஓட்டுங்க, என் கண்ணால பாத்துடறேன்.”

பெயருக்குத்தான் அதில் பின்சீட்டு. முழங்கால் தாடையில் இடிக்கச் சுருண்டு உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டி ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே சாலை நேராக விரிந்தது. நூறு வரை போகலாம். பின்கண்ணாடி வழியாக வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எவ்வளவு போறோம், மார்லீஸ்?” என்று கேட்டார் கொன்ராட்.

“நூறு.”

“பாத்தியா ஸில்கே? நூறு. எங்கே வால்?”

வால் அசையவில்லை. எங்கே தப்பு விட்டேன் என்று மனதுக்குள் ஒவ்வொரு இணைப்பாகத் தேடியபடி முன்னால் எட்டிப் பார்த்தேன். வேகம் காட்டும் முள் அறுபத்தெட்டில் நின்றது.

வேகமானிதான் பழுது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அதற்குள் ஒரு லாரி எங்களைச் சாவகாசமாக முந்திக்கொண்டு போனது. மார்லீஸ் ஊர்க்கதை பேசுகிற குரலில், “முன்னாடி சைக்கிள்காரர் ஒருத்தர் போறார் பாரு, கொன்ராட். மஞ்சள் சட்டை” என்றார். கொன்ராட் அதன் பிறகுதான் விலகினார். மார்லீஸின் வலதுகை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தவர் மெல்லத் தலையாட்டினார். சொல்லாதே என்று கேட்டது அந்த முகம்.

கொன்ராடுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயமாகவும் இருந்தது, அந்த அம்மாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

“ஓரமா நிறுத்துங்க ஐயா” என்றேன்.

பழம் விற்கிற சிறு கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்த பிறகும் அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

“என்ன வேகத்துல போனோம், ஸில்கே? நீ சொல்லு.”

மார்லீஸ் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அறுபத்தெட்டு” என்றேன்.

“ம். அறுபத்தஞ்சுன்னு நெனச்சேன்” என்றார் கொன்ராட்.

மார்லீஸ் சட்டென்று திரும்பினார். “உனக்குத் தெரியுமா?”

“முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன்டி. முள்ளு தெரியலன்னா எஞ்சின் சத்தமுமா கேக்காது? நீ நூறுன்னு சொல்லுவ, அது அறுபதுன்னு பாடும்.”

“அப்புறம் ஏன் சும்மா இருந்த?”

“வேகமா போக எனக்கும் பயம்தான். நீ நூறுன்னு சொன்னா நூறுல போற மாதிரியே இருந்துச்சு. எனக்குப் புடிச்சிருந்துச்சு.” பிறகு என் பக்கம் பாதி திரும்பினார். “கண்ணு தெரியலன்னு என் வாயால சொல்ல வரலம்மா. நீ கூட வந்து உக்காந்தா கண்டுபிடிச்சிடுவன்னு நெனச்சேன். நீ என்னடான்னா பொத்தானை அமுக்கிப் பாத்தே அனுப்பிட்ட.”

“டாக்டர் அரை மணி நேர வேலைன்னு சொல்லி ஒரு வருஷம் ஆகுது. கண்புரைதான். பாதி ஊரு பண்ணிக்கிட்டாச்சு. இவருக்குக் கண்ணுல கத்தின்னா நடுக்கம்” என்றார் மார்லீஸ் என்னிடம். “நீ ரிப்பேர் பண்ணிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன் ஸில்கே. மன்னிச்சுக்கோ.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மூக்கை உறிஞ்சினேன். “இனிமே நீங்க இதை ஓட்டினா சாவியை நான் புடுங்கி வெச்சுப்பேன், ஐயா. கண்ணைச் சரி பண்ணிட்டு வந்து கேளுங்க” என்றேன்.

கொன்ராட் இறங்கி, வண்டியைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து, மார்லீஸ் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“நானா ஓட்டறது? கடைக்குக் குட்டி வண்டியில போறதோட சரி. இதை நான் தொட்டதே இல்ல.”

“நான்தான் தொட விடல” என்றார் கொன்ராட். “தள்ளு, அந்தப் பக்கம் போய் உக்காரு.”

மார்லீஸ் சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, இரண்டு தடவை எஞ்சினை அணையவிட்டு ஒருவழியாகச் சாலையில் ஏறினார். கியரைத் தேடி அவர் கை தடுமாறியது. கொன்ராட் குனியாமல், பார்க்காமல், தன் இடது கையை அந்தக் கையின் மேல் வைத்து, நான்காவதுக்குத் தள்ளினார். பிறகும் எடுக்கவில்லை.

“எவ்வளவு போறோம்?” என்று கேட்டார்.

மார்லீஸ் முள்ளைக் குனிந்து பார்த்தார்.

“எழுபத்தாறு” என்றார்.

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

கொன்ராட் கண்ணை மூடி, சீட்டில் சாய்ந்துகொண்டு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.