சின்னாத்தாள் மிதிக்க மறுத்தாள்

கால் முன்னே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். சின்னாத்தாள் அப்படிப் பிறந்தவள். கோபிப் பக்கத்து மஞ்சள் மண்டியில் கூட்டிப் பெருக்கத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் காலையில் மூட்டை தூக்குகிறவர்கள் குடோன் வாசலில் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். ஒவ்வொருத்தர் இடுப்பையும் மிதித்துவிட்டுத்தான் அவள் விளக்குமாற்றைத் தொடுவாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அத்தனை ஆம்பிளைகள் காலடியில் வந்து படுத்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

தொண்ணூற்றாறாம் வருஷம், மாசி மாதம். மஞ்சள் வந்து குவிகிற நேரம். அன்றைக்கு வரிசையில் கிடந்த தன் புருஷன் மயில்சாமியின் இடுப்பை மிதித்து இறங்கும்போது, கால் தவறி அவன் கெண்டைக்காலில் முழுப் பாரத்தையும் வைத்துவிட்டாள். அவன் முனகக்கூட இல்லை. சந்தேகம் வந்து உள்ளங்காலை நறுக்கென்று கிள்ளினாள். அசையவே இல்லை.

"மிதிச்சாச்சா அம்மணி?" என்று எழுந்தவன், வலது காலை இழுத்துக்கொண்டே மூட்டைப் பக்கம் போனான்.

சின்னாத்தாள் அவன் இழுத்துப்போகிற காலையே பார்த்தாள். மிதித்தால் கொஞ்ச நேரம் வலி மறக்கும். அதை நம்பி முழு மூட்டையைத் தனி ஆளாகச் சுமப்பார்கள். ரெண்டு பேர் சேர்ந்து தூக்குவது இவர்களுக்குக் கேவலம். தன் கால்தான் இவர்களைத் திரும்பத் திரும்பச் சுமைக்கு அனுப்புகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் தன்மேல், பிறகு அத்தனை பேர்மேலும்.

ஓடிப்போய், அவன் தூக்கக் குனிந்த மூட்டைமேல் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு. மானத்த வாங்காத," என்றான் மயில்சாமி.

"எறங்க மாட்டனுங்க. தனியாத் தூக்கறதுன்னா என்னையும் சேத்துத் தூக்குங்க. இல்லீன்னா ரெண்டு பேரா வாங்க. இனி ஒருத்தரையும் மிதிக்கவும் மாட்டேன்."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர்களோடு சேர்ந்து சுமக்கிற மேஸ்திரி பாலுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏனம்மணி, லோடு நிக்குதல்ல? உம்பட ஊட்டுக்காரருக்கு என்ன கேடு? கல்லாட்டத்தான இருக்கறாரு?"

"அவரையே கேளுங்க. கால்ல உணர்ச்சி இருக்குதான்னு கேளுங்க."

எல்லோரும் மயில்சாமியைப் பார்த்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. "தை பொறந்ததுல இருந்தே மரத்துத்தானுங்க கெடக்குது," என்றான்.

சிரிப்பார்கள் என்று நினைத்தாள். சிரித்தால் ஒரு கை பார்த்துவிடுவது என்று முந்தானையை இழுத்துச் செருகினாள். யாரும் சிரிக்கவில்லை.

பாலுசாமி குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் போன வருசத்துல இருந்து. எடது காலு." சொல்லிவிட்டு, குனிந்து மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். "எறங்கு கண்ணு. யாராச்சும் அந்தப் பக்கம் புடிங்கப்பா."