சுவாமி நிற்கும் வாசல்

கொழும்பில் தனியாக இருந்து அலுத்துப்போன பாக்கியரத்தினம், கையிலிருந்த பணத்தை ஒரு வீட்டில் போடலாமென்று திருகோணமலைக்கு வந்து ஏழு வீடு பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. எட்டாவது வீடு துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது.

"நகர்வலத்தில சாமி இந்த வாசல்ல நிண்டுதான் போகும் ஐயா. திருவிழா நேரம் மேல் அறையள வாடகைக்கு விடலாம்," என்றார் தரகர் அலியார். "விக்கிறவங்க எல்லாரும் கனடாவுக்குப் போயிட்டாங்க."

வாடகை யாருக்கு வேண்டும்! சுவாமியே வாசலுக்கு வருகிறாரென்றால் வருஷத்தில் ஒரு நாளாவது அங்கே நாலு பேர் நிற்பார்கள். அந்தக் கிழமையே வீட்டை வாங்கித் தன் பேரில் உறுதி எழுதினார்.

மாசியில் நகர்வலம் வந்தது. வாசலில் நிறைகுடம் வைத்து, புது வேட்டியோடு அர்ச்சனைத் தட்டை ஏந்தி நின்றார். மேளம் நின்றது. தட்டை வாங்கிய குருக்கள் பேர் கேட்கவேயில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் பழைய வீட்டுக்காரரின் பேர்களை நட்சத்திரத்தோடு மளமளவென்று சொல்லிக்கொண்டு போனார். குலசிங்கம், மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு பேத்தி.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயோ, நீங்கள் புது ஆளோ? உங்கட வீட்டு ஆக்களின்ர பேரைச் சொல்லுங்கோ."

பாக்கியரத்தினத்துக்குச் சொல்ல இருந்தது தன் பேர் ஒன்றுதான். ஆறு பேர் இருந்த இடத்தில் அந்த ஒற்றைப் பேரைச் சொல்ல மனம் வரவில்லை.

"அந்தப் பேர்களே இருக்கட்டும் ஐயா," என்றார்.